கம்ப்யூட்டரில் சத்தமே வரவில்லையா? டிரைவர் பக்கம் போவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. உடனே நெட்டில் தேடி, ‘ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் சரிசெய்கிறோம்’ என்று கூவுகிற மென்பொருளை இறக்கிப் போட்டுவிடாதீர்கள், அது வேறு தலைவலி. (டிரைவர் என்பது கம்ப்யூட்டரின் ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சின்ன மென்பொருள்.) பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது, சத்தம் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும். கீழே உள்ளது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் வயர். ஸ்பீக்கரில் லைட் எரிகிறதா, அதன் வால்யூம் திருகு சுத்தமாகக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிபியு பெட்டியின் பின்பக்கம். மூன்று ஓட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: வழக்கமாகப் பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. வீடு பெருக்கும்போது பிடுங்கி மாற்றிச் செருகியிருந்தால் கதை இங்கேயே முடிந்தது. பின்னை ‘டிக்’கென்று உட்காரும்வரை அழுத்துங்கள், பாதி செருகினால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், இல்லை கொரகொரவென்று இரையும்.

வயர் சரி என்றால், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைப் பாருங்கள். பெருக்கல் குறி இருந்தால் மியூட் ஆகியிருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். ஒரு பாட்டை ஓடவிட்டு, செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்பதைத் திறங்கள் (விண்டோஸ் 10இல் இதற்கு ‘சவுண்ட் கண்ட்ரோல் பேனல்’ என்று பெயர்). பிளேபேக் என்ற பக்கத்தில் ஸ்பீக்கர், மானிட்டர், ஹெட்போன் என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் வலதுபக்கமும் சின்னக் கோடுகள். அவற்றில் எது பச்சையாக ஏறி இறங்குகிறதோ அங்கேதான் சத்தம் போகிறது.

மானிட்டர் பெயருக்கு நேராக ஏறி இறங்கினால் காரணம் எச்டிஎம்ஐ கேபிள். அது படத்தோடு ஒலியையும் சுமக்கும் என்பதால், மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் விண்டோஸ் சத்தத்தை அங்கே அனுப்பிவிடும். புதிதாக டிவியையோ மானிட்டரையோ மாட்டியவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து ‘செட் டிஃபால்ட்’ கொடுங்கள், முடிந்தது. அலமாரிக்குள் ஆன் ஆகிக் கிடக்கும் ப்ளூடூத் ஹெட்போனும் இதே வேலையைச் செய்யும்.

ஸ்பீக்கருக்கு நேராகவே பச்சை ஆடியும் சத்தம் இல்லையா? அப்படியானால் கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு ஓட்டையிலோ வயரிலோ ஸ்பீக்கரிலோதான். அதே ஓட்டையில் ஒரு ஹெட்போனைச் செருகிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எங்குமே பச்சை ஆடவில்லை என்றால், ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறந்து அந்த மென்பொருள் மட்டும் மியூட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரில் டேபை மட்டும் தனியாக மியூட் செய்யும் வசதியும் இருக்கிறது, தெரியாமல் கை பட்டிருக்கலாம்.

இதெல்லாம் ஒத்துவராவிட்டால்தான் டிரைவர். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட் பிரிவில் ரியல்டெக் என்றோ ஹை டெஃபினிஷன் ஆடியோ என்றோ இருப்பதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயப்பட வேண்டாம், விண்டோஸ் தானாகவே திரும்பப் போட்டுக்கொள்ளும். அப்டேட்டுக்குப் பிறகுதான் சத்தம் போனது என்றால் அன்இன்ஸ்டாலுக்கு முன் பிராப்பர்ட்டீஸில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பாருங்கள். புதிய டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் அல்லது மதர்போர்டு கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு (யுஎஸ்பி ஓட்டையில் செருகி அதில் ஸ்பீக்கரை மாட்டும் கருவி) ஒன்று வாங்கிச் செருகிவிடுங்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், மதர்போர்டைக் கழற்றுவதைவிட மலிவு.