கமாரோ எஸ்எஸ் காருக்கு ஹெடர் தேர்ந்தெடுப்பது எப்படி?

2010 முதல் 2015 வரை வந்த செவ்ரலே கமாரோ எஸ்எஸ் காரை வைத்துப் பார்ப்போம். மேனுவல் கியர் வண்டியில் எல்எஸ்3 என்ஜின், ஆட்டோமேட்டிக்கில் எல்99 என்ஜின், இரண்டும் 6.2 லிட்டர் வி8. என்ஜினின் புகையை வெளியே கொண்டுபோகும் கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாய் வைத்து, பக்கத்துக்கு நான்கையும் கடைசியில் ஒரு கலெக்டரில் சேர்ப்பதுதான் ஹெடர்.

படி 1: முதலில் சட்டம். லாங் டியூப் (நீளக் குழாய்) ஹெடர் போட்டால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இடம் மாறும், இல்லையென்றால் எடுத்தே விட வேண்டியிருக்கும். அமெரிக்காவில் சாலையில் ஓட்டும் காரில் அதற்கு அனுமதி இல்லை. கலிபோர்னியாவில் ஓட்டுபவர்கள் மாநிலக் காற்று வள வாரியத்தின் ‘இஓ’ (அனுமதி ஆணை) எண் உள்ள ஷார்ட்டி (குட்டைக் குழாய்) ஹெடரைத் தேட வேண்டும். லாங் டியூப் ரேஸ் டிராக் வண்டிக்கு.

படி 2: நீளம். எல்எஸ் என்ஜினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-7-2-6-5-4-3. இடப்பக்கம் 3-ம் 1-ம், வலப்பக்கம் 2-ம் 6-ம் கிராங்க் தண்டு வெறும் 90 டிகிரி சுழலும் இடைவெளியில் அடுத்தடுத்து எரிகின்றன. குழாய் குட்டையாக இருந்தால் 1-இன் புகை, இன்னும் வெளியேறி முடிக்காத 3-க்குள் எதிர்த்துத் தள்ளும். நீளமான தனிக் குழாய் இந்த மோதலைத் தள்ளிப்போடுகிறது; கலெக்டரிலிருந்து திரும்பும் குறைந்த அழுத்த அலை, மிச்சப் புகையையும் உறிஞ்சி எடுக்கிறது. ஷார்ட்டியில் இந்தப் பலன் மிகக் குறைவு, ஆனால் மாட்டுவது சுலபம்.

படி 3: விட்டம். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றாத என்ஜினுக்கு 1¾ அங்குலம் (44.5 மி.மீ.) போதும். கேம், ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் உள்ள பாகம்) இரண்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் 1⅞ அங்குலம், 3 அங்குலக் கலெக்டர். பெரிய குழாயில் புகையின் வேகம் குறைவதால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தளரும். ‘எதற்கும் பெரியதாக வாங்கி வைப்போம்’ என்று நினைக்காதீர்கள்.

படி 4: உலோகம். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீண்ட நாள் உழைக்கும். 409 விலை குறைவு; மேலே துரு படியும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. காந்தம் வைத்துப் பாருங்கள்: 409-இல் நன்றாக ஒட்டும், 304-இல் ஒட்டாது, அல்லது லேசாகத்தான் ஒட்டும். என்ஜினோடு போல்ட் போட்டு மாட்டும் தகடான ஃபிளேஞ்சின் தடிமன் ⅜ அங்குலம் (9.5 மி.மீ.) இருக்கட்டும்; மெல்லியது சூட்டில் வளைந்து புகை கசியும். சாதா ஸ்டீல் ஹெடரில் வெப்பத்துணி சுற்ற வேண்டாம். ஈரம் உள்ளே தங்கி அரிக்கும்.

படி 5: மாட்டுவது. என்ஜின் முழுக்க ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் தகடு) இல்லாமல் ஹெடரை ஒருமுறை வைத்து, இடப்பக்கம் ஸ்டீயரிங் ஷாஃப்ட், வலப்பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டிலும் குழாய் இடிக்காததை உறுதி செய்யுங்கள். பிறகு பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் போட்டு, பக்கத்துக்கு 6 போல்ட்டையும் கையால் திருகி, நடுவிலிருந்து வெளிப்புறமாக முதலில் 15, அடுத்து 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஹெடருடன் வந்த போல்ட்டுக்கு வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்பார்க் பிளக் வயரின் பூட் (முனையிலுள்ள ரப்பர் உறை) குழாயைத் தொட்டால் கருகி மிஸ்ஃபயர் ஆகும், அதாவது அந்தச் சிலிண்டர் சரியாக எரியாது. வெப்ப உறை மாட்டுங்கள். கைரேகை எண்ணெயை ஆல்கஹாலால் துடைக்காமல் ஸ்டார்ட் செய்தால் அந்தக் கறை ஸ்டீலில் நிலைத்துவிடும்.

ஓடிச் சூடாகி ஆறியபின் போல்ட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் ஃபிளேஞ்சில் கசிவு. அதை அப்படியே விடக் கூடாது: அழுத்தம் குறையும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், ஆக்ஸிஜன் சென்சார் அதை எரிபொருள் குறைவு என்று நினைக்கும், ஈசியு (என்ஜின் கணினி) தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.

படி 6: டியூனிங், அதாவது ஈசியுவின் அமைப்பைப் புது ஹெடருக்கு ஏற்ப மாற்றுவது. இந்தச் செலவையும் பட்ஜெட்டில் முதலிலேயே சேருங்கள். சென்சார் பின்னால் தள்ளிப்போவதால் வயர் நீட்டிப்பும் தேவைப்படலாம். சென்சாரைக் கிடைமட்டத்துக்கு மேலே சாய்வாக வையுங்கள், தண்ணீர் தேங்கி உடையாது. ஈசியு காட்டும் பி0420, பி0430 பிழைக் குறியீடு வந்தால் கன்வர்ட்டரின் திறன் குறைவு என்று பொருள்; சென்சாரை மாற்றும் முன் கசிவைத் தேடுங்கள்.