கைட்டில் காற்று நிற்கவில்லை: என் அனுபவம்

ஐப்பசி மாதம், கோவளத்தில் அலை ஆளுயரம். பலகைமேல் நிற்கும் நம்மைக் கடலில் இழுத்துப் போகும் பெரிய பட்டம்தான் கைட். என் கைட்டின் முன்விளிம்பில் உள்ள காற்றுக் குழாய் இருபது நிமிடத்தில் தளர்ந்துவிடும். அலை நடுவே அப்படியானால் விழுந்த கைட் மறுபடி எழும்பாது.

வால்வு மூடியை மாற்றினேன். அப்புறம் குழாயின் துணி உறைக்குள் காற்றைப் பிடித்து வைக்கும் உள்பையை உருவித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். ஒரு குமிழி இல்லை. நான்கு நாள் போனது.

உறை இல்லாமல் உள்பையில் முழு அழுத்தம் ஏற்றினால் வெடித்துவிடும். கசிவோ முழு அழுத்தத்தில்தான் வாய் திறந்தது! சரி என்று கைட்டுக்குள்ளேயே வைத்து 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) ஏற்றி, வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். அடிவிளிம்பில் கடுகளவு குமிழிகள். வெயிலில் காருக்குள் கிடந்து வால்வை ஒட்டிய பசை இளகியிருக்கிறது.

பழையதை உரித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புது ஒட்டு வால்வைப் பதித்தேன். மேலே பலகை, அதன்மேல் அம்மிக் குழவி, 24 மணி நேரம். நேற்று இரண்டு மணி நேரம் ஓட்டியும் குழாய் கல் மாதிரி நின்றது.