கொதிக்கும் பழைய கார்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்

"காடி கொதிக்குதுண்ணே" என்று பழைய புரோட்டோன் வீராவையோ பெரோடுவா கஞ்சிலையோ கொண்டுவந்து நிறுத்தினால், புதிதாக ஸ்பேனர் பிடித்த தம்பிகளின் கை ஏதாவது ஒன்றைக் கழற்றத்தான் முதலில் பரபரக்கிறது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுவோம். நாலைந்து வருடம் தொழில் பார்த்த கைகளும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

எங்கே சூடேறுகிறது என்று கேட்காமல் பானெட்டைத் திறப்பது

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஏறி, கார் நகர்ந்ததும் இறங்கிவிடுகிறதா? காற்று போதவில்லை, ஃபேன் பக்கம் பாருங்கள். நெரிசலில் ஒன்றுமில்லாமல், கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் மட்டும் ஏறுகிறதா? தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு), உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு) என்று தேட வேண்டும். இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

ஃபேனைச் சோதிக்க ஏசியை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். மீட்டர் பாதியைச் சற்றுத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை என்றால், இரண்டு ஒயர் உள்ள ஃபேன் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அந்த இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். சுற்றினால் சுவிட்ச் செத்துவிட்டது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போங்கள். மெதுவாகச் சுற்றும் ஃபேனை 'ஓடுதே' என்று விட்டுவிடாதீர்கள். கார்பன் தேய்ந்த மோட்டார், சுற்றியும் பயனில்லை.

ஃபேனை நேரடியாகச் சாவியோடு இணைப்பது

செய்யாதீர்கள். சுவிட்ச் விலை அதிகமில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

"நம்ம ஊர்ல குளிரே இல்ல, இது எதுக்கு?" கோலாலம்பூர் பட்டறைகளில் பல வருடமாகச் சொல்லப்படும் வாதம் இது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எரிச்சல் வருகிறது. தெர்மோஸ்டாட்டுக்கும் வெளியே அடிக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் ஒழுங்காக வேலை செய்ய 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வெளியே 33 டிகிரியோ 5 டிகிரியோ, இன்ஜினுக்கு இரண்டுமே குளிர்தான்.

தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு அடைத்த சிறு குப்பி ஒன்று இருக்கிறது. மெழுகு உருகி விரியும்போது வால்வைத் தள்ளித் திறக்கிறது. எந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும் என்று அதன் மேலேயே 82, 88 என்பது போல் பொறித்திருக்கும். பல மாடல்களில் அடியில் இன்னொரு சிறு தட்டும் உண்டு. மேல் வால்வு திறக்கத் திறக்க, ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை இந்தத் தட்டு அடைக்கும். அப்படிப்பட்ட காரில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்பி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய கார் ஏற்றத்தில் இன்னும் சூடாவது இதனால்தான்.

குறுக்கு வழித் தட்டு இல்லாத மாடல்களில் வேறு விதமான கேடு. இன்ஜின் சூடேறவே மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டர் உள்ள காரில், இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பி அது பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கவைக்கும். உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயில் மூடியின் அடியில் வெள்ளை நுரையாக ஒட்டிக்கொள்ளும்.

இந்த நுரைதான் ஆயிரக்கணக்கான வெள்ளியை (ரிங்கிட்டை) தின்கிறது. ஒரு வீரா 1.5-இன் கதை இது. செந்தூலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் தினமும் போய்வரும் கார். மீட்டர் ஏறுகிறது என்று வந்தபோது ஒரு போர்மன் (மெக்கானிக்) தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். மீட்டர் இறங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். சில வாரங்களில் ஆயில் மூடியில் நுரை. அதைப் பார்த்த இன்னொரு போர்மன் 'ஹெட் கேஸ்கெட் போச்சு' என்றார். ஹெட்டை இறக்கி, மட்டம் தட்டி, புது கேஸ்கெட் போட்டு ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவு. தீபாவளிக்குப் பெந்தோங் போகும் வழியில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் அதே கார் கொதித்து நின்றது. ரேடியேட்டரின் கீழ்ப் பாதியைக் கையால் தடவியபோது ஜில்லென்று இருந்தது. குழாய்கள் பாதி அடைந்திருந்தன. சமதளத்தில் மெதுவாக ஓடிய வரைக்கும் அந்த அடைப்பு தெரியவில்லை. புது ரேடியேட்டரும் புது தெர்மோஸ்டாட்டும் போட்ட பிறகுதான் கார் சரியானது. முதல் நாளே ரேடியேட்டரைத் தடவிப் பார்த்திருந்தால் அந்த ஹெட்டைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

ஆகவே, கழற்றினால் சோதிக்கக் கழற்றுங்கள். நூலின் நுனியை வால்வின் இடுக்கில் செருகி, தெர்மோஸ்டாட்டை ஒரு சட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சட்டியின் அடியில் படக் கூடாது. தெர்மாமீட்டரையும் தண்ணீரில் வையுங்கள். அடுப்பை மெதுவாக எரியவிடுங்கள். வால்வு திறக்கும் நொடியில் நூல் நழுவி தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டும் எண், பொறித்த எண்ணை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு மேல் இன்னும் 10, 12 டிகிரி ஏறும்போது வால்வு சுமார் 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதே எண் உள்ள புதியதை வாங்குங்கள். மாட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கி. ஆடும் சிறு ஊசி மேல்பக்கம், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். சிலிக்கானைக் குழைத்து அப்பினால் அது பிய்ந்து ரேடியேட்டரில் போய் அடைக்கும்.

மீட்டர் இறங்கியதும் நிம்மதியாவது

ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று கீழே விழுந்தால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். தண்ணீர் தீர்ந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால் மீட்டர் குறைவாகத்தான் காட்டும்.

தரையைப் பார்த்து ஒழுகலுக்குத் தீர்ப்புச் சொல்வது

நம் ஊர் ஈரப்பதத்தில் ஏசி சொட்டும் தண்ணீரே ஒரு குட்டை அளவு சேரும். இடது முன்பக்கம், நிறமில்லை, மணமில்லை என்றால் அது ஏசி; விட்டுவிடுங்கள். கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) பச்சையோ ரோஸ் நிறமோ இருக்கும். விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் வழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். சிவப்பென்றால் பெரும்பாலும் ஆட்டோ கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர்மஞ்சளாக வழிந்தால் பிரேக் ஆயில்; அந்தக் காரை நகர்த்தவே கூடாது.

சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்ல. வீராவில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயிலைப் பார்த்ததும், பின் ஆயில் சீல் என்று கியர்பாக்ஸையே இறக்கிவிடுகிறார்கள். அதற்கு நேர் மேலே, ஹெட்டின் ஓரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. அதன் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் ஆயில் அப்படியே கீழே வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். சில வெள்ளி வளையம் அது. இன்ஜினைக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் முதலில் நனைந்த இடம்தான் குற்றவாளி.

கூலண்ட் ஒழுகல் இன்னும் தந்திரமானது. சூடான இன்ஜினில் பட்டதும் ஆவியாகிவிடும். காய்ந்த வெள்ளை அல்லது பச்சைப் படிவு மட்டுமே மிஞ்சும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே படிவு இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. எதுவும் தெரியாவிட்டால், ஆறிய இன்ஜினின் ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதிய அளவுக்கு மட்டும் காற்றடித்து 15 நிமிடம் வையுங்கள். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். நான்கில் ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தால், அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. எரிந்த புகை தண்ணீரில் கலக்கிறதா என்று பார்க்க ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறினாலும் ஹெட் கேஸ்கெட்தான். நுரையைப் பார்த்து ஹெட்டை இறக்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும்.

ஸ்டாப் லீக் ஊற்றுவது

ஓட்டையை அடைப்பதோடு ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும்.

மூடிதானே என்று எதையாவது மாட்டுவது

ரேடியேட்டர் மூடியில் எழுதிய எண் அது தாங்கும் அழுத்தம்; 0.9 மூடிக்கு 0.9 தான். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும்; ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் 100-லேயே கொதித்து ரிசர்வ் டேங்க்கில் வழியும். கூடுதல் பலம் என்று 1.1 மாட்டினால் ரேடியேட்டரின் பழைய பிளாஸ்டிக் டேங்க்கின் ஓரம் பிளக்கும்.

குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றுவது

இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். இரண்டும் சேர்ந்த இன்ஜினில் வெறும் தண்ணீர் துருவையும் அரிப்பையும் கொண்டுவரும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள தகட்டு மூடிகள் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகும். பாதி கூலண்ட், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். கலக்காத கூலண்ட்டை முழுக்க ஊற்றினால் சூட்டை எடுத்துப்போகும் திறன் குறையும்.

காற்றை வெளியேற்றாமல் சாவியைக் கொடுப்பது

1.5 இன்ஜின் சுமார் 5 லிட்டர் குடிக்கும். மூன்றரை லிட்டரிலேயே நிரம்பிவிட்டது என்றால் உள்ளே காற்று நிற்கிறது. காரின் மூக்கை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்த நிலையில் இன்ஜினைக் குளிரிலிருந்து ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்குங்கள். குமிழி வர வர ஊற்றுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சுடும் நேரத்தில் தெர்மோஸ்டாட் திறக்கும், மட்டம் மளமளவென்று இறங்கும். நிரப்பி மூடியைப் போடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் நிரப்பிவிட்டு ஓட்டலாம். மூன்றாம் நாளும் இறங்கினால் பிரஷர் டெஸ்டரை மறுபடியும் மாட்டுங்கள்.