சாமுராய் கவசத்துக்கு நாடா கோர்ப்பது: ஒரு பட்டறைக்காரனின் முறை

சாமுராய் கவசம் செய்யப்போகிறேன் என்று கிளம்புகிற எல்லாரும் நேராகத் தலைக்கவசத்தில்தான் கை வைப்பார்கள். கொம்பும் முகமூடி மீசையும் இழுக்கிற இழுப்பு அப்படி. என்னைக் கேட்டால், முதலில் ஒரு சோதே செய்யுங்கள். தோளிலிருந்து தொங்கி மேற்கையை மறைக்கும் செவ்வகக் காப்பு அது. பெரிய வளைவு நெளிவு கிடையாது. மேலே ஒரு தலைப்பலகை, அதன் கீழே ஆறு வரிசைத் தகடு, நடுவே நாடா. இந்தக் கவசத்தின் வித்தை முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நாடாவை அலங்காரம் என்று நினைத்துத் தொடங்கினால் வேலை கெடும். ஒரு வரிசையை அடுத்த வரிசையோடு பிடித்திருப்பது அது ஒன்றுதான். ஆணி இல்லை, கீல் இல்லை. கீழ் வரிசை எப்போதும் மேல் வரிசைக்கு வெளிப்பக்கமாகத் தொங்கும். கையைத் தூக்கினால் வரிசைகள் மடக்கு டம்ளர் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று ஏற வேண்டும், இறக்கினால் தானாக இறங்க வேண்டும். இதற்கு வேண்டியது இறுக்கம் இல்லை, எல்லா இடத்திலும் ஒரே அளவுத் தொங்கல்.

கோர்ப்பில் இரண்டு பெரிய வகை. தகட்டின் முகமே தெரியாதபடி நாடாவை நெருக்கி இறக்குவது கெபிகி. இடைவெளி விட்டு, இரண்டிரண்டு நாடாவாக இறக்குவது சுகாகே. பழைய பெருங்கவசங்கள் நெருக்கக் கோர்ப்புதான். உள்நாட்டுப் போர் ஓயாத 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கவசம் நிறையவும் சீக்கிரமாகவும் தேவைப்பட்டது, சுகாகே பரவியது. 1800-இல் கவச நுட்பம் பற்றி எழுதிய சகாகிபாரா கோசான் நெருக்கக் கோர்ப்பைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் திட்டுகிறார்: மழையில் நனைந்தால் கனக்கும், காய நாளாகும், குளிரில் உறையும், நீண்ட படையெடுப்பில் நாற்றமும் பேனும் சேரும். நம் கவசம் போருக்குப் போகப்போவதில்லைதான். ஆனாலும் முதல் வேலைக்கு சுகாகேயையே சொல்வேன். அதில் ஒவ்வொரு நாடாவும் தனியாகக் கண்ணில் படும், கோணல் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கணக்கையும் பாருங்கள். கொஸானே என்ற சின்னத் தகட்டில் இரண்டு பத்தியாக 13 அல்லது 14 துளை இருக்கும். ஒவ்வொரு தகடும் பக்கத்துத் தகட்டைப் பாதி மூடும், அதனால் எங்கே தொட்டாலும் இரட்டைக் கனம். 2 செ.மீ. அகலத் தகட்டில் 30 செ.மீ. வரிசை ஒன்றுக்கு 29 முழுத்தகடும் ஓரங்களுக்கு இரண்டு அரைத்தகடும் வேண்டும். 14 துளைத் தகடு என்றால் ஆறு வரிசைக்கு 2,520 துளை, அதுவும் ஒரே தோளுக்கு. இதற்குப் பதிலாக ஒரு வரிசைக்கு நீளமான ஒற்றைத் தகடு வைக்கும் முறையும் ஜப்பானில் இருந்ததுதான், போலி வேலை இல்லை. அதில் 180 துளையோடு முடிந்துவிடும். முதல் சோதேயை இப்படிச் செய்யுங்கள்.

1 மி.மீ. அலுமினியத் தகட்டை 30 செ.மீ.க்கு 6 செ.மீ. என்று ஆறு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இடது ஓரத்திலிருந்து 3, 9, 15, 21, 27 செ.மீ.யில் ஐந்து மையக்கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறம் 5 மி.மீ. தள்ளி ஒரு ஜோடித் துளை. இப்படி மூன்று வரிசை: மேல்விளிம்பிலிருந்து 9, 16.5, 24 மி.மீ. மேல் இரண்டும் கராமி துளைகள், நாடா குறுக்கே போகும் இடம்; மூன்றாவது கெதாதே, அங்கிருந்துதான் நாடா அடுத்த தகட்டுக்கு இறங்கும். தலைப்பலகைக்கு அதன் கீழ்விளிம்பை ஒட்டி ஒரே வரிசை போதும். துளை 4 மி.மீ. விட்டம். ஆறு தகட்டையும் அடுக்கி, கிளாம்ப் போட்டு, ஒரே மூச்சில் துளையுங்கள். தனித்தனியாகக் குறித்துத் துளைத்தால் அரை மில்லி அங்கே இங்கே போகும், ஆறாவது வரிசைக்கு வரும்போது நாடா சாய்ந்து நிற்கும்.

அடுத்தது பிசிறு எடுப்பது. லேத்தில் வேலை பார்த்த கை என்பதால் இதில் நான் கொஞ்சம் கறார். டிரில் வெளியே வந்த பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூர்வளையம் நிற்கும். 8 மி.மீ. டிரில் பிட்டைக் கையில் பிடித்து, துளையின் இரண்டு வாயிலும் மூன்று சுற்று சுற்றினால் வாய் மழுங்கும். பிறகு ஒரு துண்டுப் பஞ்சைத் திரித்துத் துளைக்குள் விட்டு இழுங்கள். ஒரு இழை ஒட்டி நின்றாலும் மறுபடி சுற்றுங்கள். பஞ்சைப் பிடிக்கிற துளை, நாளாக நாளாக நாடாவையும் அறுக்கும்.

பெயின்ட் கோர்ப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அசல் ஜப்பானிய அரக்கான உருஷியை வாங்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். காயாத உருஷி தோலில் பட்டால் கொப்புளம் வரும், அது இறுகுவதற்கும் ஈரப்பதமான அறை வேண்டும். கறுப்பு எனாமல் மெல்லிசாக மூன்று கை போதும். ஒவ்வொரு கைக்குப் பிறகும் துளைகளைக் குச்சியால் குத்தி விடுங்கள்.

நாடா தட்டையாகப் பின்னியதாக இருக்க வேண்டும். உருண்டைக் கயிறு எவ்வளவு நல்ல பட்டாக இருந்தாலும் பார்வைக்கு ஒட்டாது. 7, 8 மி.மீ. அகலத் தட்டை நாடா சுகாகேக்குப் பொருந்தும். பட்டு கட்டுப்படியாகவில்லை என்றால் பாலியெஸ்டர் பூட்ஸ் லேஸ் நன்றாகவே வேலை செய்கிறது. எதுவானாலும் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நுனியில் கனம் கட்டித் தொங்கவிடுங்கள், இழுபட வேண்டியது இப்போதே இழுபடட்டும். நீளத்தை நான் சூத்திரம் போட்டுப் பார்ப்பதில்லை. உதவாத கயிறு ஒன்றை எடுத்து ஒரு ஜோடியை மேலிருந்து கீழ்வரை கோர்த்து, உருவி, அளந்து, ஒரு சாண் கூட்டிக்கொள்வேன். நுனி ஒரு அங்குலத்தை இன்ஸ்டன்ட் பசையில் நனைத்து, காய்ந்ததும் சரிவாக வெட்டினால் அதுவே ஊசியாகிவிடும்.

இனி கோர்ப்பு. 4.5 செ.மீ. அகலத்தில் ஒரு மரப்பட்டையைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் அளவுகோல். ஒரு தகட்டின் மேல்விளிம்புக்கும் அடுத்த தகட்டின் மேல்விளிம்புக்கும் இடையே இவ்வளவு தூரம். ஆறு தகட்டையும் மேசையில் முகம் மேலாகப் பரப்பி, அந்த அளவில் ஒன்றின் மேல் ஒன்று 1.5 செ.மீ. ஏறும்படி வையுங்கள். இரண்டு ஓர ஜோடிகளையும் நடு ஜோடியையும் சாதாரண நூலால் தற்காலிகமாகக் கட்டித் தொங்கலை நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் இரண்டு ஜோடியில் உண்மை நாடா ஏறிய பிறகு நூலை ஒவ்வொன்றாக அவிழ்த்து அங்கும் கோர்க்கலாம்.

ஒரு நாடாவை இரண்டாக மடித்து, மடிப்பு தலைப்பலகையின் பின்னால் நிற்க, இரு நுனியையும் ஜோடித் துளை வழியே முன்னே எடுங்கள். நேரே கீழே இறக்கி, முதல் தகட்டின் மேல்விளிம்புக்குப் பின்னால் நுழைத்து, முதல் வரிசைத் துளைகளில் முன்னே கொண்டுவாருங்கள். இப்போது குறுக்கே போக வேண்டும்: இடது நுனி இரண்டாம் வரிசையின் வலது துளைக்குள், வலது நுனி இடது துளைக்குள். முகத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். பின்பக்கம் போன நுனிகளை அதே பக்கத்திலேயே கெதாதே துளையில் முன்னே எடுத்து, அடுத்த தகட்டுக்கு இறக்குங்கள். கெதாதேயிலிருந்து அடுத்த தகட்டின் முதல் துளை வரை 3 செ.மீ. ஓட்டம். அதில் கண்ணுக்குத் தெரிவது 2 செ.மீ. சொச்சம்தான்.

இங்கே கண்ணை வைக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, பெருக்கல் குறியில் எந்தக் கை மேலே என்பது. இடதிலிருந்து வருவது மேலே என்று முடிவு செய்தால் முப்பது குறியிலும் அதுவே மேலே. மற்றது முறுக்கு. துளைக்குள் நுழையும்போது தட்டை நாடா தன்னிச்சையாகப் புரண்டுவிடும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் கட்டைவிரலால் நாடாவின் முகத்தைத் தடவி விடுங்கள். மூன்று தகடு தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்றையும் உருவ வேண்டியதுதான்.

கடைசித் தகட்டில் கெதாதேக்கு வேலை இல்லை. பெருக்கல் குறி போட்டதும் இரு நுனியும் பின்னால் இருக்கும், அங்கேயே முடிச்சு. ஆனால் முடிச்சைப் பசையால் இப்போதே அடைக்காதீர்கள். இந்தத் தகட்டின் கீழ்ப்பகுதியை எதுவும் மூடாது என்பதால் அதற்குத் தனி அலங்காரம் உண்டு: ஹிஷினுய், பெரும்பாலும் சிவப்பில், பக்கம் பக்கமாகப் பெருக்கல் குறிகள், இரண்டு வரிசை. வேண்டுமானால் அதற்குத் தனித்துளை போட்டுக்கொள்ளுங்கள். அது பாரம் தாங்காது, இறுக்கமாகவே இழுக்கலாம்.

நிறம் உங்கள் விருப்பம். கருநீலம் அழுக்கைக் காட்டாது. சிவப்பு என்றால் சாயத்தைப் பார்த்து வாங்குங்கள். தோக்கியோவின் மேற்கு ஓரத்தில் முசாஷி மிதாகே கோயிலில் ஒரு செந்நாடாக் கவசம் இருக்கிறது. 1191-இல் ஹதாகேயாமா ஷிகேதாதா காணிக்கையாகக் கொடுத்தது என்பது கோயில் மரபு. 1903-இல் பழுது பார்த்தபோது ரசாயனச் சாயம் ஏற்றிய நாடாவை இடையிடையே சேர்த்தார்கள். அது வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டது. மஞ்சிட்டி இனத்து வேரில் சாயம் ஏற்றிய பழைய நாடா இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. உங்கள் நாடாவில் ஒரு துண்டை வெட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில வாரம் ஒட்டி வைத்தால் தெரிந்துவிடும்.

எல்லா ஜோடியும் முடிந்ததும் தலைப்பலகையைப் பிடித்துத் தூக்குங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் கீழிருந்து சரிசெய்யாதீர்கள். மேலிருந்து ஒவ்வொரு தகடாகப் பட்டையை வைத்து அளந்து, மிகையைப் பெருக்கல் குறி வழியாகக் கீழே தள்ளிக்கொண்டே வாருங்கள், கடைசியில் முடிச்சில் வந்து சேரும். பிறகு கடைசித் தகட்டை உள்ளங்கையால் மேலே தள்ளுங்கள். ஆறும் சத்தமில்லாமல் ஏறி, கையை எடுத்ததும் இறங்க வேண்டும். எங்காவது தட்டி நின்றால் அந்தத் தகட்டின் பின்பக்கம் நாடா மடிந்திருக்கும். குத்தூசியால் நிமிர்த்திவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள். அது சரியான பிறகு முடிச்சில் ஒரு சொட்டுப் பசை.