உருகாத வெண்ணெய்: நம் ஊர்ச் சமையலறையில் கிறிஸ்துமஸ் பிஸ்கட்

வெண்ணெய் பிஸ்கட்டுக்கான செய்முறைகளில் பெரும்பாலானவை ‘வெண்ணெய், அறை வெப்பநிலையில்’ என்ற வரியோடு தொடங்குகின்றன. அந்த வரியை நம்பி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், சென்னையில் எங்கள் சமையல் மேடையின்மீது இரவே வெண்ணெயை எடுத்து வைத்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் இட்லிக்கு அடுப்பு மூட்டி முடிப்பதற்குள் அது கரண்டியை வைத்தால் தானே உள்ளே இறங்கும் களிம்பாகியிருந்தது. அதிலேயே மாவு பிசைந்து, நட்சத்திர அச்சால் வெட்டி, இருபது நட்சத்திரங்களை ஓவனுக்குள் வைத்தேன். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்ததோ தட்டு நிறைய ஒரே ரொட்டி. சுவையில் குறையில்லை, கத்தியால் துண்டு போட்டுத் தின்று தீர்த்தோம். ஆனால் அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக்கூடிய பொருளாக அது இல்லை.

அந்தச் செய்முறைகள் சொல்லும் அறை, குளிர்நாட்டு அறை. அவர்கள் மனத்தில் இருப்பது ஏறத்தாழ 18 முதல் 20 டிகிரி வரையிலான வெப்பம். டிசம்பரிலும் சென்னையின் பகல் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே இருக்கிறது, அடுப்பு எரியும் சமையலறையில் அதற்கும் மேலே போகும். வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினால் உருவமிழந்து, 35 டிகிரிக்குள் முற்றிலும் உருகிவிடும். பிஸ்கட் ஓவனுக்குள் போனபின் நடப்பது ஒரு பந்தயம்: ஒரு பக்கம் வெண்ணெய் உருகி மாவைப் பரப்பப் பார்க்கிறது, மறு பக்கம் மைதாவும் சர்க்கரையும் சூட்டில் இறுகி உருவத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கின்றன. வெண்ணெய் குளிர்ச்சியாக உள்ளே போனால் மாவு வெல்லும். முன்பே இளகியிருந்தால் வெண்ணெய் வெல்லும். ஆகவே நம் ஊரில் பிஸ்கட் சுடுவதற்கு முதன்மையான கருவி ஓவன் அன்று, குளிர்பதனப் பெட்டி என்பதே என் கருத்து. உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் இந்தக் கவலையிலிருந்து விடுபட்டவர்கள். அவர்களுடைய சிக்கல் வெண்ணெய் இளகாமல் இருப்பது.

அளவை நினைவில் வைத்துக்கொள்வது எளிது: எடையில் சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, மைதா 3 பங்கு. பொடித்த சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200 கிராம், மைதா 300 கிராம் என்று எடுத்தால், ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் நாற்பதுக்குக் குறையாத பிஸ்கட்டுகள் கிடைக்கும். இவற்றோடு ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ் போதும். முட்டையும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். முட்டை சேர்க்காதவர்கள் வீட்டுக்கும் தயங்காமல் கொடுக்கலாம் என்பது இதில் கூடுதல் வசதி. தயவுசெய்து கப் கணக்கில் அளக்க வேண்டாம். மைதாவைத் தளர்வாகப் போட்டால் ஒரு கப்பில் 120 கிராம்தான் இருக்கும், அழுத்தி அள்ளினால் அதே கப்பில் 150 கிராம் வரை பிடிக்கும். இரண்டரை கப் போடுவதற்குள் 75 கிராம் வேறுபாடு வந்துவிடுகிறது, மாவு ஒரு நாள் கல்லாகவும் மறுநாள் குழம்பாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறை எடைக் கருவி ஒன்றை வாங்கிவிடுவது நல்லது.

கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் வெண்ணெய் உப்பிட்டது; அதைப் பயன்படுத்தினால் தனியாக உப்பு சேர்க்கக் கூடாது. உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் தேக்கரண்டி உப்பு போடவும். வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது, அந்தத் தண்ணீர் மைதாவோடு சேர்ந்து சப்பாத்தி மாவைப் போன்ற இழுவையை உண்டாக்கும். ஆகவே அதை நெய்யாக உருக்கி, பின்னால் சொல்லப்போகும் நான்கட்டாய் என்ற நெய் பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைச் சர்க்கரையின் கற்கள் பெரியவை. அப்படியே போட்டால் கரையாமல் நின்று பிஸ்கட்டின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பதால், மிக்ஸியில் பொடித்து, சலித்து, அதன்பின் எடை போட வேண்டும். மைதாவையும் ஒரு முறை சலித்துக்கொள்ளவும்.

வெண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து, சிறு சதுரங்களாக நறுக்கி, பத்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பளபளத்தால் மீண்டும் உள்ளே வைத்துவிட வேண்டியதுதான். பதம் வந்த வெண்ணெயோடு சர்க்கரைப் பொடியையும் எசன்ஸையும் சேர்த்து, மரக்கரண்டியாலோ கைக் கலக்கியாலோ, இரண்டும் ஒன்றாகும் வரை மட்டும் குழைக்கவும். கேக்குக்குச் செய்வதுபோல வெளுத்துப் பொங்கும் வரை அடித்தால் உள்ளே காற்று நிறைந்து, வெட்டிய வடிவம் ஓவனில் உப்பிக் கோணிப் போகும். பிறகு மைதாவை இரண்டு தவணையாகச் சேர்த்து, விரல் நுனிகளால் திரட்டுங்கள். முதலில் புட்டு மாவைப் போல உதிரியாக இருப்பதைப் பார்த்துப் பலர் பயந்து பால் ஊற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள், கொழுக்கட்டை போலப் பிடிபட்டால் போதும், இன்னும் ஒரு நிமிடத்தில் தானே உருண்டு சேரும். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிசைவது இங்கே தவறு, ஏனெனில் நம் உள்ளங்கையின் சூடு வெண்ணெயை உருக்கப் போதுமானது.

மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்து, சப்பாத்திக் கட்டையால் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலான கனத்தில் தேய்க்கவும். மாவை உருண்டையாகக் குளிரவைத்து, பிறகு கல்லாய்ப் போனதைத் தேய்ப்பதற்காக மல்லுக்கட்டுவதே பலருடைய வழக்கம். தேய்த்தபின் குளிரவைப்பது எவ்வளவோ எளிது, பொடி மைதா தூவ வேண்டிய தேவையும் எழாது. தேய்த்த தகட்டை ஒரு தட்டின்மேல் வைத்து, குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம், அவசரமென்றால் உறைபெட்டியில் இருபது நிமிடம் வையுங்கள். எடுத்து வெட்டும்போது அச்சு ‘டக்’ என்று இறங்க வேண்டும். ஓரம் கிழிந்தாலோ நசுங்கினாலோ மாவு இளகத் தொடங்கிவிட்டது என்று பொருள். நட்சத்திர அச்சு இல்லாவிட்டால் எவர்சில்வர் தம்ளரின் வாயே வட்டத்துக்குப் போதும், அதே தம்ளரைச் சற்று நகர்த்தி மறுபடி அழுத்தினால் பிறை கிடைக்கும். வெட்டியவற்றைத் தட்டில் அடுக்கியபின், ஓவன் சூடாகும் நேரத்தில் அந்தத் தட்டை இன்னொரு முறை பத்து நிமிடம் உறைபெட்டியில் வைத்துவிடவும். இந்த இரண்டாவது குளிரூட்டலை விட்டுவிட்டால் முதலாவது பாதி வீண் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். மிஞ்சிய ஓரத் துண்டுகளைத் திரட்டி மீண்டும் தேய்க்கலாம். ஒரு முறைக்கு மேல் தேய்த்தால் பிஸ்கட் கடினமாகும்.

ஓ.டி.ஜி. எனப்படும் சிறு மின் ஓவனில் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி வைத்து, 160 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். குமிழில் 160 என்று எழுதியிருப்பதால் உள்ளே 160 இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கலாம். இல்லையென்றால் ஒரு பழைய சோதனை இருக்கிறது. சர்க்கரை உருகுவது ஏறத்தாழ 186 டிகிரியில். அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைப் பரப்பி, குமிழை 175-இல் வைத்துச் சூடாக்கிய ஓவனுக்குள் கால் மணி நேரம் வைத்தால் அது உருகக் கூடாது. உருகினால் உங்கள் ஓவன் சொல்வதைவிடச் சூடாக இருக்கிறது. பிறகு 190-இல் வைத்தால் உருக வேண்டும். உருகாவிட்டால் அது சொல்வதைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. எந்தப் பக்கம் விலகுகிறது என்று தெரிந்தால் குமிழை அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளலாம். கன்வெக்‌ஷன் வசதியுள்ள மைக்ரோவேவில் காற்றாடி சுழன்று சூட்டைப் பரப்புவதால் 10 முதல் 15 டிகிரி குறைத்து வைப்பது சரியாக இருக்கும்.

முழுத் தட்டையும் வைப்பதற்கு முன் ஒரே ஒரு பிஸ்கட்டை மட்டும் சுட்டுப் பாருங்கள். அது பரவினால் மாவுக்கு இன்னும் குளிர் வேண்டும், குளிரவைத்தும் பரவினால் மீதி மாவில் இரண்டு தேக்கரண்டி மைதா சேர்த்துத் திரட்டலாம். தட்டை நடுவடுக்கில் வைத்து, 15 முதல் 18 நிமிடம் வரை சுட வேண்டும். பத்தாவது நிமிடத்தில் தட்டைத் திருப்பி வைத்தால் பின்பக்கம் மட்டும் கருகுவதைத் தவிர்க்கலாம். நிறத்தை நடுவில் தேடக் கூடாது. நடு வெளிறியே இருக்க, ஓரம் மட்டும் பொன்னிறமாக மாறியதும், கத்தி முனையால் ஒன்றை நெம்பி அடிப்பக்கம் பாருங்கள்: வறுத்த ரவையைவிடச் சற்று அடர்ந்த நிறம் வந்திருந்தால் எடுத்துவிட வேண்டும். தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று எண்ணி மீண்டும் உள்ளே தள்ளுவதுதான் புதிதாகச் சுடுபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. தட்டின் சூட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றினால், ஆற ஆறத்தான் மொறுமொறுப்பு ஏறும். அடுத்த ஈடு மாவைச் சூடான தட்டில் அடுக்கிவிடாதீர்கள், ஓவனுக்குள் போகுமுன்பே உருகிவிடும். இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது உத்தமம்.

இத்தனை குளிரூட்டலுக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான்கட்டாய் இருக்கிறது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் உண்டு, நெய்யில் அது இல்லை. மைதாவில் இழுவை ஏறாததால் வாயில் வைத்ததும் மணல் வீடுபோல உதிரும். உறைந்த நெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், மைதா 120 கிராம், கடலை மாவு 50 கிராம், ரவை 30 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, நான்கு ஏலக்காயின் பொடி ஆகியவை போதும். நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை குழைத்து, மற்றவற்றைச் சலித்துச் சேர்த்து, எலுமிச்சை அளவில் உருட்டி, லேசாகத் தட்டி, நடுவில் முந்திரிப் பருப்பை அழுத்தி, கால் மணி நேரம் மட்டும் குளிரவைத்து, அதே 160 டிகிரியில் மேலே வெடிப்பு விழும் வரை சுடவும். இங்கே சற்றுப் பரவினாலும் அழகுதான்.

ஓவன் இல்லாத வீட்டில் நான்கட்டாயை அடுப்பிலும் சுடலாம். நல்ல குக்கரை வெறுமையாகக் காயவைப்பது அதற்குக் கேடு என்பதால், புழக்கத்தில் இல்லாத கனத்த பாத்திரம் ஒன்றில் ஒரு விரற்கடை உயரம் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, பிறகு தட்டை இறக்கிச் சிறு தீயில் இருபது நிமிடம் விட வேண்டும். மேல்பக்கம் சிவக்காது, அடிப்பக்கத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

25-ஆம் தேதிக்கு நாற்பது வீடுகளுக்குக் கொடுப்பவர்கள் எல்லாவற்றையும் 23, 24-ஆம் தேதிகளில் செய்யத் தேவையில்லை. அந்த நாட்களில் கலகலாவுக்கும் அச்சு முறுக்குக்கும் எண்ணெய்ச் சட்டி காத்திருக்கும். டிசம்பர் முதல் வாரத்திலேயே மாவைத் தகடாகத் தேய்த்து, பேப்பரோடு சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடலாம், மூன்று வாரம் தாராளமாக இருக்கும். 20-ஆம் தேதியளவில் வெட்டிச் சுட்டால் போதும். ஜாம் வைத்த பிஸ்கட் மட்டும் இரண்டு நாளில் நமத்துப்போகும் என்பதால் கடைசியாகச் செய்யவும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அந்த மாதத்தில் காற்றில் மிகுந்திருக்கும். ஆறிய பிஸ்கட்டை மின்விசிறிக்கடியில் இரவு முழுவதும் திறந்து வைத்தால் காலையில் வளையும். அடிவரை முழுதும் ஆறியதும், அதே மணி நேரத்துக்குள் தகர டப்பாவில், அடுக்குக்கு ஒரு பட்டர் பேப்பர் வைத்து மூடிவிட வேண்டும், வெதுவெதுப்பாக மூடினால் உள்ளேயே வியர்க்கும். கேக்கையும் பிஸ்கட்டையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. கேக்கின் ஈரத்தை பிஸ்கட் இழுத்துக்கொண்டு இரண்டும் கெட்டுப்போகும். இவ்வளவு கவனித்தும் நமத்துவிட்டால், 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்து, ஆறவிட்டு மறுபடி டப்பாவில் போடுங்கள்.