பழைய பான்டியாக் ஜிடிஓ வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு ஜிடிஓ பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா என்று படத்தோடு செய்தி அனுப்புகிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். படத்தில் பானட், பின்பக்கம், ஸ்டியரிங் எல்லாம் பளபளவென்று இருக்கும். துரு பார்க்க வேண்டும், ஆயில் கசிவு பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. 1964 முதல் 1974 வரை வந்த இந்த அமெரிக்கக் கார் வருடா வருடம் எப்படி மாறியது, எந்த வருடத்தில் எந்த இன்ஜின் கிடைத்தது என்பது தெரியாமல் பணத்தை விடுகிறார்களே, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பேட்ஜை நம்பி வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும், ஏனென்றால் காசு கொடுப்பதற்கு முன் ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்கியிருந்தாலே தப்பித்திருக்கலாம்.

கதை 1963-ல் தொடங்குகிறது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. அதன் ஒரு பிரிவான பான்டியாக்கில் இருந்த ஜான் டெலோரியன், பில் காலின்ஸ், ரஸ் கீ மூவரும் அந்த விதியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள்: புது மாடல் என்றால்தான் மேலிடம் கேள்வி கேட்கும், ஏற்கெனவே இருக்கிற டெம்பெஸ்ட் லெமான்ஸுக்கு ஒரு கூடுதல் ஆப்ஷன் என்று பட்டியலில் போட்டுவிட்டால்? அப்படித்தான் பெரிய கார்களில் இருந்த 389 கன அங்குல இன்ஜின் இந்தச் சின்ன காருக்குள் ஜிடிஓ என்ற ஆப்ஷனாக வந்தது. ஆப்ஷனின் விலை 300 டாலருக்குக் கொஞ்சம் குறைவு.

அன்றைக்குப் பான்டியாக் செய்த தந்திரம் இன்றைக்கு வாங்குகிறவன் தலையில் விடிகிறது. 1964, 1965 கார்களின் வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் ஆலை கொடுத்த அடையாள எண்ணை, பொறுத்தவரை ஜிடிஓ என்று ஒரு காரே கிடையாது, எல்லாமே லெமான்ஸ்தான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கீல் இருக்கும் தூணில் உள்ள தகட்டைப் படித்தால், 1965 காரில் 237 என்று தொடங்கும். அது சாதா லெமான்ஸாகவும் இருக்கலாம், ஜிடிஓவாகவும் இருக்கலாம். 1966-ல்தான் ஜிடிஓ தனி மாடலாகி 242 என்ற எண்ணைப் பெற்றது. 1971 வரை அந்த 242 உண்டு. 1972-ல் மறுபடி லெமான்ஸின் ஆப்ஷனாகப் போய்விட்டது. அந்த வருடத்து வின்னில் ஐந்தாவது எழுத்து எந்த இன்ஜின் என்று சொல்லும், ஜிடிஓவா என்று சொல்லாது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஒஹாயோவில் இருக்கிறார். 1965 கார் ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் பேசி முடித்து, முழுப் பணமும் கட்டிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, இன்ஜினையே செக் பண்ணிட்டேன், நிஜமான 389தான்ணே" என்றார் பெருமையாக. போய்ப் பார்த்தேன். பிளாக்கின் முன்முகத்தில், பயணி பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். அதில் இன்ஜின் குறியீடு அடித்திருப்பார்கள். நீல பெயின்ட் அதன் மேல் தடிமனாக ஏறியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது எழுத்துகள் தெரிந்தன. 389தான், பொய்யில்லை. ஆனால் ஜிடிஓவுக்கான குறியீடு இல்லை, கேட்டலினா போன்ற பெரிய காரில் வந்த இன்ஜின். "389-னா 389தானேண்ணே?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது! 389 என்று நிரூபித்துவிட்டால் ஜிடிஓ என்று நிரூபித்ததாகாது தம்பி, அந்தக் காலத்துப் பெரிய பான்டியாக்குகளில் பாதிக்கு மேல் அதைத்தான் சுமந்துகொண்டு போயின என்றேன்.

அப்புறம்தான் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்கு எழுதிப் போட்டார். 1961 முதலான பான்டியாக் கார்களுக்கு ஆலையின் பில் பதிவுகளை அவர்கள் வைத்திருக்கிறார்கள். வின் எண்ணையும் ஒரு சிறு கட்டணத்தையும் கொடுத்தால், அந்தக் கார் ஆலையை விட்டு வெளியேறியபோது என்னென்ன ஆப்ஷனோடு போனது என்ற காகிதம் வந்துவிடும். வந்தது. 326 இன்ஜின், இரண்டு கியர் ஆட்டோமேட்டிக், சுத்தமான லெமான்ஸ். கிரில், பேட்ஜ், பானட் ஸ்கூப் எல்லாம் பின்னால் கேட்டலாக் பார்த்து வாங்கி மாட்டியவை. நல்ல கார்தான், ஓட்டவும் அருமை, ஆனால் ஜிடிஓ விலைக்கு வாங்க வேண்டிய கார் இல்லை.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பான்டியாக்கின் 326, 350, 389, 400, 455 எல்லாம் வெளியே பார்க்க ஏறக்குறைய ஒரே உருவம், உள்ளே போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்)தான் வேறு. "பார்த்தாலே தெரியுது சார், 400" என்று எவராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். 1968 முதல் வின் எண்ணின் ஒரு பகுதி பிளாக்கிலேயே அடிக்கப்பட்டிருக்கும், அதனால் இன்ஜின் அந்தக் காரோடு பிறந்ததா என்று ஒத்துப் பார்க்கலாம். அதற்கு முந்தைய கார்களில் குறியீடும் வார்ப்புத் தேதியும்தான் துணை. தேதியில் மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம். அக்டோபரில் வார்த்த பிளாக், அதே ஆண்டு ஜூனில் ஆலையை விட்டு வந்த காரில் இருக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு.

காகிதம் கேட்டால் விற்பவர் முகம் சுளிக்கிறாரா, கிளம்பிவிடுங்கள்.

1971-ஐயும் 1972-ஐயும் ஹெச்.பி. வைத்து ஒப்பிடுவது

1971-ன் சாதா 400 இன்ஜின் 300 ஹெச்.பி., 1972-ல் அதே இன்ஜின் 250. உடனே "72-ல் கெடுத்துவிட்டான்" என்பார்கள். இன்ஜின் அதேதான், அளக்கும் முறைதான் மாறியது. முன்பு ஏர் கிளீனர், முழு எக்ஸாஸ்ட் எதுவும் இல்லாமல் ஸ்டாண்டில் வைத்து அளந்த கிராஸ் கணக்கு, 1972-ல் காரில் இருக்கிறபடியே எல்லாம் மாட்டி அளந்த நெட் கணக்கு. உண்மையான இறக்கம் ஒரு வருடம் முன்பே நடந்துவிட்டது: ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் முடிவெடுத்ததால் 1970-ல் 10.25 ஆக இருந்த கம்ப்ரெஷன் விகிதம் 1971-ல் 8.2 ஆனது. 455 ஹெச்ஓ என்ற பெரிய இன்ஜினும் இப்படித்தான், 335-லிருந்து 300 ஆனது காகிதத்தில்.

1967 காரில் ட்ரை-பவரைப் பார்த்து மயங்குவது

மூன்று கார்புரேட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அழகுக்கு நானும் அடிமைதான். ஆனால் ஆலையில் அது 1964 முதல் 1966 வரை மட்டும். 1967-ல் கார்வெட் தவிர மற்ற கார்களுக்குப் பல கார்புரேட்டர் கூடாது என்று மேலிடம் தடை போட்டது, அதனால் 389 போய் 400 வந்த அந்த வருடம் ஒற்றைக் கார்புரேட்டர்தான். 1967 காரில் ட்ரை-பவர் இருந்தால் பிறகு யாரோ போட்டது, அதற்குத் தனி விலை கொடுக்காதீர்கள். 1964-ன் இன்டேக் மேனிஃபோல்டை 1965 ஹெட்டில் பொருத்தலாம் என்றும் நினைக்க வேண்டாம், 1965-ல் ஹெட் மாறிவிட்டது, அது உட்காராது.

பெரிய இன்ஜின்தான் உசத்தி என்று நினைப்பது

1970-ல் 455 வந்தது, 360 ஹெச்.பி. அதே வருடம் ராம் ஏர் IV என்ற 400 கன அங்குல இன்ஜின் 370. டார்க் (முறுக்கு விசை) வேண்டுமா, 455 எடுங்கள், 500 பவுண்ட்-அடி என்றால் சும்மாவா. அரிதானது வேண்டுமா, ராம் ஏர் IV. அதை அடையாளம் காண எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பாருங்கள், வட்டமாக இருக்க வேண்டும். ராம் ஏர் III-ல் ஆங்கில டி எழுத்து வடிவம்.

இரண்டு பேரல் கார்புரேட்டர் இருந்தால் போலி என்பது

பேரல் என்பது கார்புரேட்டரில் காற்று போகும் துளை. இரண்டுதான் இருக்கிறது என்பதற்காகப் போலி இல்லை. 1967-ல் ஆட்டோமேட்டிக்கோடு 255 ஹெச்.பி. இரண்டு பேரல் 400 ஆலையிலேயே கிடைத்தது.

ஜட்ஜ் ஸ்டிக்கர்

ஜட்ஜ் என்பது ஜிடிஓவின் ஒரு சிறப்பு வகை. அதன் ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும். ஜட்ஜா என்று வின் சொல்லாது. 1969-ல் செய்தது 6,833, 1971-ல் வெறும் 374. காகிதம், காகிதம், காகிதம்.

முகத்தைப் பார்க்காமல் பாகம் ஆர்டர் செய்வது

1966-ம் 1967-ம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 66-ன் கிரில் முட்டை அட்டை போலக் கட்டம் கட்டமாக பிளாஸ்டிக், 67-ல் கம்பி வலை. 67-ல் ஆட்டோமேட்டிக்கும் மூன்று கியர் டர்போ 400 ஆகிவிட்டது, 66-ன் இரண்டு கியர் பெட்டி வேறு. 1968-ல் எல்லாமே புதிது, உடலின் நிறத்திலேயே வரும், எண்டூரா என்ற ரப்பர் போன்ற பொருளால் ஆன முன்பக்கம். 68-க்கும் 69-க்கும் குழப்பம் வந்தால் முன்கதவுக் கண்ணாடியைப் பாருங்கள்: முக்கோண வென்ட் கண்ணாடி இருந்தால் 68. பின்விளக்கு பம்பருக்குள் இருந்தாலும் 68, பம்பருக்கு மேலே ஏறியிருந்தால் 69. ஒளிந்துகொள்ளும் ஹெட்லைட் இந்த இரண்டு வருடமும் உண்டு, 1970-ல் கிடையாது.

1974

பான்டியாக்கின் சின்ன காரான வென்டுராவின் உடம்பு, 350 இன்ஜின். பிடித்தால் வாங்குங்கள், 1965 கனவோடு வாங்காதீர்கள்.

2004–06 ஜிடிஓவின் பாகம் பொருந்துமா

அது பெயரில் மட்டும் ஜிடிஓ, உண்மையில் ஆஸ்திரேலிய ஹோல்டன் மொனாரோ. பொருந்தாது.