கிராம்மோஸ்–விட்சி மலைப்போரை வரைபடத்தில் படிப்பது எப்படி?

கிரேக்க உள்நாட்டுப் போரின் (1946–1949) இறுதிக் கட்டத்தைப் படிக்கத் தொடங்குவோர் பலர் குன்றுகளின் பெயர்களிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். எல்லைக்கோட்டிலிருந்து தொடங்குங்கள், இந்தப் போரின் முடிவை விளக்குவது அதுவே.

சம உயரக் கோடுகள் கொண்ட வடமேற்குக் கிரேக்க வரைபடத்தில் அல்பேனிய, யூகோஸ்லாவிய எல்லைகளை இரு நிறங்களில் தீட்டுங்கள். 2,520 மீட்டர் உயரமுள்ள கிராம்மோஸ் அல்பேனிய எல்லையிலேயே இருப்பதும், அதற்கு வடகிழக்கே உள்ள விட்சி மலை பிரெஸ்பா ஏரிகளின் வழியாக இரு எல்லைகளையும் தொடக்கூடிய இடத்தில் இருப்பதும் புலப்படும். கம்யூனிஸ்டுகளின் ஜனநாயகப் படைக்கு ஆயுதம் வந்ததும், காயமுற்றோர் வெளியேறியதும் இந்த எல்லைகளின் வழியாகத்தான்.

அடுத்து 1948 கோடைக்காலத்தைக் குறியுங்கள். ஜூனில் அரசுப் படை கிராம்மோஸைத் தாக்கியது. இரண்டு மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்த ஜனநாயகப் படை, ஆகஸ்டில் முற்றுகையை உடைத்து விட்சிக்கு நகர்ந்தது. இந்த நகர்வுக்கு ஓர் அம்புக்குறி இடுங்கள்.

இப்போது வரைபடத்தை ஒதுக்கிவிட்டு அரசியலைப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களுக்கு 1949 புரியாது என்பதே என் உறுதியான கருத்து. 1948 ஜூனில் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கும் இடையிலான பிளவு வெளிப்பட்டது. கிரேக்கக் கம்யூனிஸ்ட் கட்சி ஸ்டாலின் பக்கம் நின்றது. 1949 ஜூலையில் யூகோஸ்லாவியா எல்லையை மூடப்போவதாக அறிவித்தது. கொரில்லா முறையை வலியுறுத்திய ஜனநாயகப் படைத் தளபதி மார்கோஸ் வாஃபியாடிஸ் நீக்கப்பட்டு, நிலத்தைப் பிடித்துவைத்துப் போரிட விரும்பிய கட்சித் தலைவர் சகாரியாடிஸின் போக்கு மேலோங்கியிருந்தது. எதிரே, தளபதி பாபாகோஸின் தலைமையில் அரசுப் படை அமெரிக்க உதவியால் வலுப்பெற்றிருந்தது. யூகோஸ்லாவிய எல்லையில் தீட்டிய நிறத்தை இங்கே அழித்துவிடுங்கள்.

பிறகு 1949 ஆகஸ்டில் அரசுப் படை நடத்திய ‘பிர்சோஸ்’ நடவடிக்கையை மூன்று அம்புகளாக வரையுங்கள். மாதத் தொடக்கத்தில் கிராம்மோஸ் மீது கவனத்தைத் திருப்பும் தாக்குதல். 10ஆம் தேதி விட்சி மீது உண்மையான தாக்குதல். விட்சி ஒரு வாரத்துக்குள் வீழ்ந்தபின், மாத இறுதியில் மீண்டும் கிராம்மோஸ். விட்சியிலிருந்து அல்பேனியா வழியே கிராம்மோஸை அடைந்தவர்களுக்குப் புள்ளிக்கோடு ஒன்று போடுங்கள். நேர்வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. ஆகஸ்ட் 30க்குள் இந்த மலைப்போர் முடிந்துவிட்டது.

கடைசியாக, ஊர்களைக் குறியுங்கள். இப்பகுதியின் பல ஊர்ப்பெயர்கள் 1920களில் மாற்றப்பட்டதால், ஒரே ஊர் நினைவுக்குறிப்புகளில் இரு பெயர்களில் வரும், இரண்டையும் எழுதிவையுங்கள். எந்தெந்த ஊர்களிலிருந்து 1948இல் குழந்தைகள் எல்லை தாண்டி அனுப்பப்பட்டார்கள், எவை ஆளற்றுப் போயின என்பதையும் அப்பெயர்களின் அருகிலேயே குறிப்பிடுங்கள்.